வால்பாறை, முதுமலைப் பக்கம் விலங்கு பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் போதும், வால்பாறைக்கும் மசினகுடிக்கும் வண்டியைக் கிளப்புகிற நண்பர்கள் முந்தின நாள் ராத்திரி எனக்குப் போன் செய்வார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் அவர்களுக்கும் நல்லது, விலங்குகளுக்கும் நல்லது என்று இதை எழுதுகிறேன். நான் வனத்துறை ஆள் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. ஆனைமலையிலும் நீலகிரியிலும் பல வருடமாகச் சுற்றி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவன்.

எவ்வளவு தூரத்தில் நின்றால் பாதுகாப்பு?

எல்லாரும் மீட்டர் கணக்கில் பதில் எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வது வேறு கணக்கு. மேய்ந்துகொண்டிருந்த விலங்கு மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறது என்றால், நீங்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நின்று, சத்தமில்லாமல் பின்னால் வாருங்கள். அது மறுபடி மேயத் தொடங்கும் இடம்தான் உங்களுக்கான இடம். மானுக்கு அது முப்பது மீட்டராக இருக்கலாம், காட்டு யானைக்கு, அதுவும் நீங்கள் நடந்து போகும்போது, நூறு மீட்டர்கூட எனக்குக் குறைவாகத்தான் தோன்றும். ஒரே விலங்குக்கும் இது நாளுக்கு நாள் மாறும், குட்டி கூட இருந்தால் மாறும், காற்று திரும்பினால்கூட மாறும். அதனால்தான் மீட்டரை மனப்பாடம் செய்யாமல் விலங்கைப் பாருங்கள் என்கிறேன்.

காலையிலிருந்து சுற்றினோம், ஒன்றுமே கண்ணில் படவில்லை. எங்கே தப்பு?

பெரும்பாலும் நேரம்தான் தப்பு. விடிந்ததும் மூன்று மணி நேரம், சாயங்காலம் நான்கு மணிக்கு மேல், இவைதான் நல்ல நேரம். பகல் பதினோரு மணிக்கு எல்லாமே நிழலில் படுத்திருக்கும். முதுமலை என்றால் பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை காடு காய்ந்து இலையெல்லாம் உதிர்ந்து கிடக்கும், தண்ணீர் இருக்கிற இடத்துக்கு விலங்குகள் வந்தே ஆக வேண்டும், அப்போது தூரத்திலிருந்தே பார்க்கலாம். வால்பாறைப் பக்கம் அப்படி இல்லை, வருடம் முழுக்கப் பச்சை, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே விட்டுவைத்த சோலைத் துண்டுகளில்தான் உயிர் ஓடும். அந்த விளிம்புகளில் ஒரு இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். பத்து கிலோமீட்டர் சுற்றுவதைவிட அது அதிகம் காட்டும்.

அப்புறம் சத்தம். காட்டில் கண்ணுக்கு முன்னால் காது வேலை செய்ய வேண்டும். புள்ளிமான் ஒன்று கூர்மையாக ஒரு முறை கத்தினால் எதையோ கண்டு மிரண்டிருக்கிறது என்று அர்த்தம், அது ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். ஆனால் கடமான், தெற்கே மிளா என்பார்களே, அது காலைத் தரையில் தட்டித் தட்டி ‘டாங்க்’ என்று திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால் பக்கத்தில் புலியோ சிறுத்தையோ செந்நாயோ இருக்க வாய்ப்பு அதிகம். மரத்தின் மேலே மந்தி இருமுவதுபோல் கத்திக்கொண்டு ஒரே திசையைப் பார்த்தால் நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள், ஆனால் அந்தத் திசையில் நடக்காதீர்கள். காட்டுக்குள்ளே நாய் குரைக்கிறதே என்று தோன்றினால் அது பெரும்பாலும் கேளையாடு. சின்ன மான்தான், குரல் மட்டும் அவ்வளவு பெரிது.

யானை கோபமாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஆபத்து என்றால் முதலில் யானைதான், புலி இல்லை.

நிம்மதியாக இருக்கிற யானை காதை விசிறிபோல் ஆட்டிக்கொண்டே இருக்கும், வாலும் ஆடும், தும்பிக்கை புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி வாய்க்குக் கொண்டுபோகும். இந்த மூன்றும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டால் உங்களைக் கவனித்துவிட்டது. அடுத்து தும்பிக்கையை உயர்த்தி நுனியை உங்கள் பக்கம் வளைக்கும், வாசனை பிடிக்கிறது. யானையின் கண்பார்வை சுமார்தான், மூக்கு அபாரம். காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து பிரயோஜனமில்லை. காட்டோரம் நடக்கும்போது அவ்வப்போது ஒரு பிடி காய்ந்த மண்ணை உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன்.

காதை அகல விரித்து நேராகப் பார்ப்பது, ஒரு காலை முன்னும் பின்னும் ஆட்டுவது, மண்ணை வாரி எறிவது, கிளையை ஒடிப்பது, இவை எல்லாம் ‘போய்விடு’ என்று அது சொல்கிற விதம். அதற்கும் போகாவிட்டால் பிளிறிக்கொண்டு ஓடிவந்து பாதியில் நிற்கும். காதை விரித்து வந்தால் மிரட்டல், காதை ஒட்டவைத்துத் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தால் நிஜம் என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் நின்று சரிபார்க்க வேண்டிய விஷயமில்லை அது.

மதம் பிடித்த ஆண் யானையை முதல் பார்வையிலேயே அடையாளம் காண முடியும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னத்தில் கறுப்பாக ஈரம் வழியும், பின்னங்கால்கள் சிறுநீர் சொட்டி நனைந்திருக்கும், தூரத்திலேயே ஒரு நெடி வரும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கு அந்த வழியை விட்டுவிடுங்கள்.

தந்தம் இல்லாவிட்டால் பெண் யானைதானே?

இல்லை. நம் ஊர் யானைகளில் பெண்ணுக்கு வெளியே நீட்டிய தந்தம் கிடையாது, சரி, ஆனால் தந்தமே இல்லாத ஆணும் உண்டு, அதைத்தான் மக்னா என்கிறோம். தும்பிக்கை தொடங்கும் இடம் தடித்துப் புடைத்து, உடம்பும் பெரிதாக, தனியாக நின்றால் மக்னாவாக இருக்கலாம். பெண் யானை தனியாக நிற்பது அரிது. ஒரு பெண் யானை தெரிந்தால் சுற்றிலும் இன்னும் நாலைந்து இருக்கும், குட்டியும் இருக்கும், அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் ஒரு அடிகூட எடுத்துவைக்காதீர்கள். கூட்டத்துக்கும் குட்டிக்கும் நடுவே மாட்டிக்கொள்வதுதான் மிக மோசமான நிலைமை.

யானையைப் பார்க்காமலே அதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்னங்கால் தடம் நீள்வட்டம். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும். சாணி சூடாக, ஈரமாக, ஈ மொய்த்துக்கொண்டிருந்தால் யானை இப்போதுதான் போயிருக்கிறது, அப்படியானால் கயிறும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

எதிரே வந்தேவிட்டால்?

வண்டியில் இருந்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், லைட்டை அடித்து அணைக்க வேண்டாம், இஞ்சினை அணைக்காதீர்கள், மெதுவாகப் பின்னால் எடுங்கள். பின்னால் வருகிற வண்டிகள் நெருக்கி ஒட்டி நின்று ரிவர்ஸ் எடுக்க இடமில்லாமல் போவதுதான் பல இடங்களில் விபரீதத்தில் முடிகிறது, அதனால் முன்னால் ஒரு வண்டி காட்டுச் சாலையில் நின்றால் நன்றாக இடைவெளி விட்டு நில்லுங்கள். கீழே இறங்கிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். செல்ஃபி எடுக்கிற நேரத்தில் முதுகுதான் யானையின் பக்கம் இருக்கிறது.

நடந்து போகும்போது என்றால் அது உங்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே விலகுவதுதான் ஒரே நல்ல வழி. துரத்தினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும், மேடும் பள்ளமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தோளில் இருக்கிற பையையோ துண்டையோ கீழே போட்டால் சில நேரம் அதை முகர்ந்து பார்க்க நிற்கும், அந்த நேரத்தில் பெரிய மரம், பாறை, கட்டடம் எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குப் பின்னால் போய்விடுங்கள்.

ஒரு முறை வால்பாறையில் மூடுபனிக் காலையில் எஸ்டேட் பாதையில் நான் நடந்துகொண்டிருந்தேன். இலை பறிக்கப் போன ஒரு அம்மா பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். “தம்பி, அந்தப் பக்கம் போகாதப்பா. அந்தப் பாறைக்குக் காது ஆடுது பாரு.” முப்பதடிக்கு அப்பால் நான் பாறை என்று நினைத்துக் கடக்கப் போனது பெரிய பெண் யானை. அந்த அம்மா கூப்பிட்டிராவிட்டால் இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை. அதிலிருந்து பனி இருக்கும்போது நான் நடப்பதே இல்லை, உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் எந்தப் பாதையிலும் இறங்குவதும் இல்லை.

வால்பாறையில் இன்னொன்றும் இருக்கிறது. யானைக் கூட்டம் பக்கத்தில் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்குகளை மேடான இடங்களில் வைத்திருக்கிறார்கள், செல்போனிலிருந்தே அவற்றை எரியவிட முடியும், அங்கே குடியிருக்கிறவர்களுக்குக் குறுஞ்செய்தியும் போகும். இந்த ஏற்பாட்டுக்காகப் பாடுபட்ட வனவிலங்கு ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. அந்த விளக்கு எரிவதைப் பார்த்தால் அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள்.

குன்னூரில் ரோட்டோரமே நிற்கிறதே, அது காட்டெருமையா?

பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்கிறோம், பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அது எருமை இல்லை, மாட்டினம், காட்டுமாடு என்பதே சரி. நிஜமான காட்டெருமை தமிழ்நாட்டுக் காடுகளில் கிடையாது. நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும், முதுகில் திமில்போல் ஒரு மேடு நடுமுதுகு வரைக்கும் ஓடும், வயதான காளை கன்னங்கரேலென்று பளபளக்கும், தோள் நம் உயரத்துக்கு வரும், எடை ஆயிரம் கிலோவைத் தொடும்.

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அது வீட்டு வாசல் வரைக்கும் வருவதால் சாது என்று நினைத்துவிடுகிறார்கள். சாதுதான், ஒதுங்க வழி இருக்கும்வரை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் நீங்கள் என்று ஆகிவிட்டால் முட்டித் தள்ளிக்கொண்டுதான் போகும். காளை உங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி முழு உடம்பையும் காட்டி நின்றால் அது போஸ் கொடுக்கவில்லை, தன் அளவைக் காட்டி எச்சரிக்கிறது.

பார்த்தது புலியா சிறுத்தையா?

முதல் குழப்பம் பெயரில். பல ஊர்களில் சிறுத்தையையும் புலி என்றேதான் சொல்வார்கள், அதனால் “நேத்து ராத்திரி புலி வந்துச்சு” என்று யாராவது சொன்னால் கோடு போட்டதா, புள்ளி போட்டதா என்று கேளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து 2022-இல் மத்தியப் பிரதேசத்துக் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்தது சிவிங்கிப்புலி (சீட்டா), அதையும் சிலர் சிறுத்தை என்று எழுதிக் குழப்பத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். சிவிங்கிக்குத் தனித்தனிப் புள்ளி, முகத்தில் கண்ணீர் வழிந்த மாதிரிக் கறுப்புக் கோடு. நம் சிறுத்தைக்கு ரோஜாப் பூ மாதிரிக் கூட்டம் கூட்டமான புள்ளி.

தடத்தை வைத்துச் சொல்வது இன்னும் சுவையானது. பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும், அதனால் நாலு விரல் பதியும், நகம் பதியாது. நாய், செந்நாய், நரிக்கு நகம் குத்திய புள்ளி விரலுக்கு முன்னால் தெளிவாகத் தெரியும். நகமில்லாத தடம் உங்கள் உள்ளங்கையை நிறைத்தால் புலி, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்றால் சிறுத்தை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஈர மண்ணில் தடம் விரிந்து பெரிதாகத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ பேனாவோ வையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் அளவே தெரியாது.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், குனியவும் வேண்டாம். நிமிர்ந்து நின்று, அதைப் பார்த்தபடியே பின்னால் நகருங்கள். தேயிலைத் தோட்டத்தில் குனிந்து உட்கார்ந்த மனிதனும் சின்னக் குழந்தையும் சிறுத்தையின் கண்ணுக்கு இரையின் உயரத்தில் இருக்கிறார்கள். அதனால் இருட்டத் தொடங்கியபின் குழந்தைகளைத் தனியாக வெளியே விடாதீர்கள், விடுதி வளாகம்தானே என்று நினைக்காதீர்கள்.

கரடிக்கு என்ன செய்வது?

பேசிக்கொண்டே நடங்கள். யானை விஷயத்தில் சொன்னதற்கு இது நேர் எதிர், ஆனால் காரணம் இருக்கிறது. நம் கரடி புற்றைத் தோண்டிக் கறையான் உறிஞ்சும்போது தலை உள்ளே போய்விடும், அதற்குக் கண்ணும் காதும் அவ்வளவு கூர்மை இல்லை, நீங்கள் பத்தடியில் வந்து நிற்கும்போதுதான் கவனிக்கும், பயத்தில் பாய்ந்துவிடும். கரடி தாக்குவது பெரும்பாலும் இப்படித் திடீரென்று எதிர்ப்படும்போதுதான். புதிதாகத் தோண்டிய புற்று, மரத்தில் நீளமான நகக் கீறல், ஐந்து விரலோடு நகமும் பதிந்த தடம், இவை தெரிந்தால் குரல் கொடுத்துக்கொண்டு விலகுங்கள். தாக்கினால் குப்புறப் படுத்துக் கைகளால் பிடரியையும் தலையையும் மறைத்துக்கொள்ளுங்கள், முகத்தைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்.

கறுப்பாக ஒரு குரங்கு பார்த்தேன், அது சிங்கவால் குரங்குதானே?

முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரிமயிர், வால் நுனியில் குஞ்சம், இரண்டும் இருந்தால் ஆமாம். வால் நீளமாகத் தொங்கி, குஞ்சமில்லாமல், தலை மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் அது நீலகிரிக் கருமந்தி. வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு சாலையைக் கடக்கும், வண்டியில் அடிபட்டுச் செத்தும் இருக்கின்றன, அதற்காகவே மரத்துக்கு மரம் மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அதற்கு பிஸ்கட் போடுகிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். தின்பண்டம் கிடைக்கும் என்று பழகினால் சாலைக்கு இறங்கும், இறங்கினால் அடிபடும்.

ஆழியாறிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் நிற்கிற வரையாட்டுக்கும் இதேதான். நம் மாநில விலங்கு அது. பக்கத்தில் வருகிறது என்பதற்காகத் தொட வேண்டாம், தீனி போட வேண்டாம்.

எந்தக் குரங்கு கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போங்கள்.

பாம்பைப் பார்த்தால் விஷமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க வேண்டாம், விலகினால் போதும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் படத்தில் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் நேரில் தைரியப்படாதீர்கள். வெள்ளிக்கோல் வரையன் என்கிற விஷமில்லாத பாம்பைக் கட்டுவிரியன் என்று அடித்துக் கொல்கிறார்கள், சில சமயம் அதுதானே என்று கட்டுவிரியனையே கையில் எடுத்துவிடுகிறார்கள். பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கினால் வரையன், வால் பக்கம் தெளிவாக இருந்தால் கட்டுவிரியன். இதைத் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் மட்டும் சரிபாருங்கள்.

கடித்தால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றுங்கள், கடிபட்ட கையை அல்லது காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. மலையில் இருக்கிற சில குழிவிரியன்களுக்கு இந்த நாலு பாம்பின் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது, அதனால் மருத்துவர் என்ன செய்கிறாரோ செய்யட்டும், நேரத்தை மட்டும் வீணாக்காதீர்கள்.

மான் குட்டி தனியாகக் கிடந்தது, தூக்கி வந்தோம். சரிதானே?

சரி இல்லை. மான் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத்தான் தாய் மேயப் போகும், அதற்குக் குட்டி அசையாமல் படுத்திருப்பதே பாதுகாப்பு. நீங்கள் தூக்கினால் அநாதையாக்குவது நீங்கள்தான். அடிபட்டிருந்தாலோ நாய்கள் சூழ்ந்திருந்தாலோ பக்கத்து செக்போஸ்டில் சொல்லுங்கள்.

ராத்திரி சஃபாரி கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒருவர் சொன்னார், போகலாமா?

வேண்டாம். அது சட்டவிரோதம், முதுமலை–பந்திப்பூர் சாலையில் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரை போக்குவரத்தே தடை. கண்ணில் பெரிய டார்ச்சை அடித்தால் விலங்குக்குக் கொஞ்ச நேரம் பார்வையே தெரியாது, தேவாங்கு மாதிரியான இரவு உயிர்களுக்கு அது பெரிய கொடுமை. தங்கும் இடத்து வராந்தாவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்து காதால் கேளுங்கள், அதுவே ஒரு அனுபவம்.

காட்டுக்குள் நடக்க ஆசையாக இருக்கிறதே?

அனுமதி வாங்கிக்கொண்டு, வனத்துறை வழிகாட்டியோடு மட்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீச் சாவுகளுக்குப் பிறகு மலையேற்ற விதிகள் கறாராகிவிட்டன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று நாற்பது பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்தார்கள், அதில் போங்கள். மண் நிற உடை, முழுக்கை, நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் அட்டைக்கும் மற்ற நாளில் உண்ணிக்கும் அதுதான் காப்பு. சென்ட் வேண்டாம்.

என்ன கருவி வாங்கலாம்?

8x42 பைனாகுலர் ஒன்று போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். விலை அதிகமான கேமராவுக்கு முன்னால் அதை வாங்குங்கள், ஏனென்றால் நெருங்க வேண்டும் என்கிற ஆசையையே அது குறைத்துவிடும். பறவைக் குரலுக்கு மெர்லின் செயலி, மற்றதற்கு ஐநேச்சுரலிஸ்ட். செயலி சொல்வதை அப்படியே நம்பாமல் ஒரு நோட்டில் நேரம், இடம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிவையுங்கள். படத்தைப் பகிரும்போது தேவாங்கு, எறும்புத்தின்னி, புலி அடித்துவைத்த இரை, இருவாச்சிக் கூடு இவற்றின் இடத்தை மட்டும் போடாதீர்கள். போட்டால் அடுத்த சனிக்கிழமை அங்கே பத்து வண்டி நிற்கும்.